நாயாற்று மணலுக்கு எங்கள் அளவு சரிவராது

அன்புள்ள தம்பி,

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று நாலு தரம் சொல்வாய். பின்னால் உழவு லாண்ட்மாஸ்டர் இரைகிற சத்தம் கேட்கும். "பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடையில் ஒரு கொப்பி வாங்கிக்கொண்டு வந்து எழுதுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறினது போலத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு வாசி. எழுபது வயதில் மகனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தவன் சும்மா சுகம் விசாரிக்க உட்காரவில்லை என்பது உனக்கு விளங்கும்.

பொங்கலுக்கு அம்மாவும் நானும் நாயாற்றுப் பக்கம் உன் புது வீட்டுக்கு வந்திருந்தோம். அன்று மத்தியானச் சாப்பாட்டில் நீ சொன்ன ஒரு கதையைப் பற்றித்தான் எழுதுகிறேன். உனக்கு அது மறந்துகூடப் போயிருக்கும். உன் மாமனார், தர்சிகாவின் தகப்பன், என் பக்கத்தில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தர்சிகா சொதிச் சட்டியோடு நின்றாள். நீ சிரித்துக்கொண்டே, "அப்பா, வந்து பாருங்கோ என்ர சீதனத்தை. சும்மா கடல்மண். நாலு அந்தர் பசளை கொட்டினன், ஒண்டும் பிடிக்கேல்லை. இதை வித்துப்போட்டு ஒரு லொறி எடுத்தாலாவது பிரயோசனம்" என்றாய். உன் மாமனாரும் சிரித்தார். மாப்பிள்ளை பகிடி விட்டால் மாமனார் சிரிக்கத்தானே வேண்டும். சிரித்துவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார், பிறகு ஒரு பிடி சோறுகூட அவருக்கு இறங்கவில்லை. தர்சிகா சட்டியை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். அம்மா "எனக்குப் போதும்" என்று கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "என்னம்மா, கறி சரியில்லையோ?" என்று நீ கேட்டாய். கறி நன்றாகத்தான் இருந்தது.

அம்மா ஏன் எழுந்தார் என்பது அந்த மேசையில் இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதை நீயும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் நீ இப்போது நிற்கிற இடத்தில் நான் நின்றிருக்கிறேன். அங்கே நின்று நான் செய்ததை நீயும் செய்யத் தொடங்கிவிட்டாய்.

சாப்பிட்டபின் நீ கதிரையில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டாய். நான் காணியைப் பார்க்கப் போனேன். தர்சிகாவும் பின்னால் வந்தாள். முகம் கழுவியிருந்தாள், ஆனாலும் கண் சிவந்திருந்தது. கச்சான் செடிகள் சாண் உயரம்கூட இல்லை, நிலத்துக்குள் கடலை பிடித்திருக்கவே முடியாது. வேலியோரம் நட்டிருந்த சோளனின் இலை ஓரமெல்லாம் ஊதா நிறம் ஏறியிருந்தது. "பிள்ளை, இவன் எப்ப பசளை போட்டவன்?" என்று கேட்டேன். "விதைக்க முன்னம், மாமா. நாலு அந்தரையும் ஒரே நாளில விசிறினவர். அடுத்த நாளே மழை பிடிச்சிட்டுது. மூண்டு நாள் விடேல்லை." "நீர் ஒண்டும் சொல்லேல்லையோ?" என்றேன். "சொன்னனான். நாங்கள் உக்கின மாட்டெருவோட கலந்து, சாலுக்குள்ள, ரெண்டு தரமாத்தான் போடுறனாங்கள் எண்டு. எங்கட பக்கம் இப்பிடித்தான் எண்டு சொல்லிப்போட்டார்."  பிறகு, "உங்கட பக்கத்து அளவை இஞ்ச போட்டால் களப்புத்தான் விளையும், மாமா" என்றாள். சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காணியின் கீழ்ப்பக்கம் வடிகான் களப்புத் தண்ணீரில் விழுகிற இடத்தைப் போய்ப் பார். பச்சைப் பசேலென்று பாசி ஆடை கட்டியிருக்கிறது. நீ கொட்டின பசளையில் பாதிக்கு மேல் அங்கேதான் நிற்கிறது.

கெட்டிக்காரப் பிள்ளை. அவள் சொன்னதைப் போன்ற ஒரு கதையை நான் நாற்பது வருடத்துக்கு முன்பு கேட்டிருக்கிறேன். கேட்டும் காதில் விழுத்தவில்லை.

நான் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வளர்ந்தவன் என்பது உனக்குத் தெரியும். என் அப்பா புகையிலை, மிளகாய், வெங்காயம் என்று மாறி மாறிச் செய்தவர். அந்த மண்ணுக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதாது. ஆட்டெரு போடவேண்டும், பூவரசங்குழை வெட்டி மண்ணுக்குள் தாழ்க்கவேண்டும், அதற்கு மேல் கடைப்பசளையும் கொட்டவேண்டும். அள்ளிக் கொட்டினால்தான் அந்த மண் கொஞ்சமாவது திருப்பித் தரும். ஆகவே, பசளை என்றால் அள்ளிக் கொட்டுவது என்று என் கைக்குப் பழகிவிட்டது. பிறகு எனக்குக் கலியாணமாகியது. அம்மாவின் தகப்பனுக்குக் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த மூன்று ஏக்கர் வயல்தான் சீதனம். மாப்பிள்ளை பெண்ணின் காணிக்குப் போய்க் குடியிருப்பதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். நீயும் அப்படித்தான் போயிருக்கிறாய். அப்படிப் போகிறவன் வேட்டி சால்வையோடு தகப்பனுடைய அளவையும் சேர்த்து மடித்துக்கொண்டு போகிறான். அதை வைத்துவிட்டுப் போ என்று ஒருவரும் சொல்வதில்லை.

எங்கள் வயலைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. காய்ந்தால் கால் நுழைகிற வெடிப்பு, நனைந்தால் முழங்காலைப் பிடித்து இழுக்கிற சாம்பல் களி. அதற்கு நான் முதல் மாரியில், காலபோகத்திலேயே, விதைக்க முன்னம் போடுகிற அடிக்கட்டுப் பசளையை அப்பாவின் அளவில் எறிந்தேன். அந்தக் காலத்தில் பசளை தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது. அம்மா வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் போன வயதிலிருந்து அந்த வயலில் நாற்று நட்டு, களை பிடுங்கி வளர்ந்தவர் அவர். "இவ்வளவு வேண்டாம். அப்பா இதில கால்வாசிதான் போடுறவர். தண்ணி கட்டினால் இந்த நிலம் தானாக் குடுக்கும்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "யாழ்ப்பாணத்தில தோட்டம் செய்தவனுக்கு நீர் வயல் படிப்பிக்கிறீரோ?" என்றேன். 

விதைத்து மூன்றாம் கிழமை பயிர் அப்படியே நின்றுவிடும். வளராது. இலையில் துருப்பிடித்தது போலப் புள்ளி விழும். பசளை காணாது என்று நினைத்து இன்னும் எறிவேன், புள்ளி இன்னும் கூடும். ஒரு போகம் தப்பும், ஒரு போகம் விழும். ஐந்தாம் வருடம் கீழ்வயல் முழுக்க மஞ்சளாகிக் கிடந்தது. பக்கத்து வயல் பச்சையாக நின்றது. இதற்குள் எங்களுக்குக் கலியாணமாகி ஐந்து வருடம், பிள்ளை இல்லை. ஊருக்குப் போகிற நேரமெல்லாம் என் தாயார் ஏதாவது குத்திக் கதைப்பார். அதையெல்லாம் நெஞ்சில் சுமந்துகொண்டு வரம்பில் நின்ற நான், பக்கத்து வயல்காரர் இரண்டு பேருக்கு முன்னால், சேற்றுக்குள் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்த உன் அம்மாவைப் பார்த்துச் சொன்னேன்: "நீரும் மலடு, உம்மட காணியும் மலடு."

எழுதிவிட்டேன். இந்த வரியை எழுத எனக்கு இரண்டு நாள் எடுத்தது. என்னை நீ எப்படி நினைத்தாலும் சரி. அன்று உன் அம்மா அழவில்லை. பிடுங்கின களையை வரம்பில் வைத்தார், வாய்க்கால் தண்ணீரில் கையைக் கழுவினார், வீட்டுக்கு நடந்தார். அதன்பின் இன்றுவரை அந்த வயலுக்குள் காலை வைக்கவில்லை. சாப்பாடு கொண்டுவருவார், தேத்தண்ணீர் கொண்டுவருவார், வரம்போடு நின்றுவிடுவார். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, "அம்மா ஏன் வயலுக்க இறங்கிறேல்லை?" என்று கேட்டாய். "அம்மாவுக்குச் சேறு ஒத்துவராது" என்றேன். நீயும் நம்பினாய். அம்மா பக்கத்தில்தான் நின்றார். 

அது நடந்து மூன்றாம் வருடம் நீ பிறந்தாய். அப்போது சண்டையில் பாதை பூட்டியிருந்த காலம். பசளை ஒரு பை இந்தப் பக்கம் வராது. யூரியாவும் இல்லை, மற்றதும் இல்லை. வயல் இந்தத் தரத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். விளைச்சல் குறைந்தது உண்மை. ஆனால் பயிர் வளராமல் நிற்கவில்லை, இலையில் புள்ளி விழவில்லை, கீழ்வயல்கூடக் கதிர் தள்ளியது. பசளையைக் கொட்டின வருடங்களில் செத்த பயிர், கொட்டாத வருடம் தலைநிமிர்ந்து நின்றது. நான் அதைக் கண்ணால் பார்த்தேன், தம்பி. அம்மா சொன்னதுதான் சரி என்று அன்றே எனக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சொல்லத்தான் நினைத்தேன். அம்மா உன்னை மடியில் வைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்வோம் என்று இருந்துவிட்டேன். முதலில் சொன்னது கோபத்தில் நடந்த பிழை. இது அப்படியல்ல. யோசித்துச் செய்த பிழை, அதுதான் பெரிது.

பிறகு இடம்பெயர்ந்தோம், செட்டிகுளம் முகாமில் இருந்தோம், திரும்பி வந்தோம். அதெல்லாம் உனக்குத் தெரிந்தது. வயல் பற்றைக்காடாகிக் கிடந்தது. துப்புரவாக்கி, தந்த விதைநெல்லை மட்டும் விதைத்தோம். நல்ல பயிர். வரம்பில் நின்ற அம்மா என்னைத் திரும்பி ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் அப்படி நடந்தது என்பது எனக்குக் கடைசியாகச் சில வருடங்களுக்கு முன்புதான் விளங்கியது. நாடு முழுக்கப் பசளைக்கு அலைந்த அந்த நேரம், விவசாயப் போதனாசிரியராக வந்த ஒரு பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்து மண் எடுத்துப் போனாள். முடிவைக் கொண்டுவந்து, "ஐயா, உங்கட வயலில பொசுபரசுச் சத்து தேவைக்கு மேல கிடக்கு. இன்னும் சில போகத்துக்கு ரி.எஸ்.பி. பசளை தொடவே தேவையில்லை" என்றாள். எனக்குப் பொல்லாத ஆச்சரியம். "அது எங்கயிருந்து வந்தது?" என்றேன். "நீங்கள் போட்டதுதான்" என்றாள். வரம்பில் குந்தியிருந்து ஆறுதலாகச் சொல்லித் தந்தாள். யூரியா போல பொசுபரசு ஓடித்திரிகிற சாமான் இல்லையாம். மண்ணில் இரும்பும் களியும் சுண்ணாம்பும் இருந்தால் அதோடு ஒட்டிக்கொள்ளுமாம். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் இரும்பும் இருக்கிறது, கீழே சுண்ணாம்புக் கல்லும் இருக்கிறது. அதனால் போடுகிறதை அது இறுக்கிப் பிடித்துவிடும், வேருக்கு இலேசில் விடாது. குழை தாழ்த்தால் அந்தப் பிடி கொஞ்சம் இளகும். என் அப்பா காரணம் தெரியாமலே சரியாகத்தான் செய்திருக்கிறார், அவருடைய மண்ணுக்கு.

எங்கள் வயல் களியும் பிடிக்கிற மண்தான். ஆனால் தண்ணீர் கட்டி நிற்கும்போது மண்ணுக்குள் காற்று இல்லாமல் போகிறது. அப்போது இரும்பின் குணம் மாறி, பிடித்து வைத்திருந்ததைப் பயிருக்கு விட்டுவிடுகிறது. வயல் காய்ந்தால் திரும்பவும் பிடித்துக்கொள்கிறது. "தண்ணி கட்டினால் இந்த நிலம் தானாக் குடுக்கும்" என்று அம்மா சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. "அப்ப அந்தத் துருப்புள்ளி?" என்று கேட்டேன். "பொசுபரசு அளவுக்கு மிஞ்சினால் பயிருக்குத் துத்தநாகம் எடுபடாது, ஐயா. பயிர் பட்டினியில நிண்டிருக்கு. நீங்கள் அதுக்கு மேல இன்னும் போட்டிருப்பீங்கள்" என்றாள். நான் தலையாட்டினேன். மலடு என்று நான் திட்டின நிலம் நான் கொடுத்ததையெல்லாம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. அந்தப் பேப்பரை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். "என்னவாம்?" என்று அம்மா கேட்டார். "மண் நல்லமாம்" என்றேன். "ம்" என்றார். அங்கேயும் என் வாய் அடைத்துவிட்டது. மற்ற நேரத்தில் இந்த வாய் எப்படி அடிக்கும் என்று உனக்குத் தெரியும்.

இனி உன் மணலுக்கு வருகிறேன். நீ களியில் வளர்ந்தவன், அதனால் ஒரேயடியாகப் போட்டாலும் நிலம் வைத்திருந்து தரும் என்று நினைக்கிறாய். நாயாற்று மணலில் களியும் இல்லை, இரும்பும் இல்லாத மாதிரித்தான். பிடித்து வைக்க அங்கே ஒன்றும் இல்லை. மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதோ நீ போட்டதும் அந்தப் பக்கம் போகும். அது அந்த நிலத்தின் குற்றமில்லை, அதன் குணம் அப்படி. அதனால்தான் தர்சிகா வீட்டார் உக்கின எருவோடு கலக்கிறார்கள். எருதான் அங்கே பிடித்து வைக்கிற கை. அதனால்தான் வேருக்குக் கிட்ட, சாலுக்குள் போடுகிறார்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் போடுகிறார்கள். கச்சான் பிடுங்கினபின் கொடியை எரிக்காமல் அங்கேயே தாழ்த்துவிடு. மழை இருண்டு நிற்கிற நேரம் பசளைப் பையை அவிழ்க்காதே. களி கொண்டுவந்து கொட்டப்போகிறேன் என்று லொறிக்காரரைத் தேடாதே. காணியை விற்கிற கதையை விடு. முதலில் அந்தப் பிள்ளையிடம் ஒரு போகம் கேட்டுச் செய். அவள் அந்த மணலில் பிறந்து வளர்ந்தவள். நீ போன ஆவணியில் வந்தவன்.

பசளை பிழைத்தால் அடுத்த போகம் திருத்தலாம். அதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. அவள் தகப்பனுக்கு முன்னால், அவள் கையில் சட்டியோடு நிற்கும்போது, அவளுடைய காணியை ஒன்றுக்கும் உதவாது என்று சொன்னாயே, அதைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன். எங்கள் பெண்கள் தகப்பன் வீட்டிலிருந்து கொண்டுவருகிற காணியும் அவர்களும் ஒன்று என்றுதான் நினைத்திருக்கிறார்கள். ஒன்றைச் சொன்னால் மற்றதிலும் படும். நீ பகிடியாகச் சொன்னாய், நான் கோபத்தில் சொன்னேன். கேட்கிறவளுக்கு அதில் பெரிய வித்தியாசம் இருக்காது.

இவ்வளவும் எழுதி முடித்து, அம்மாவுக்குத் தெரியாமல் அனுப்பக்கூடாது என்று நேற்றுப் பின்னேரம் வாசித்துக் காட்டினேன். கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அம்மாவுக்கு இன்னும் எழுத்துத் தெரிவதில்லை. முற்றத்துக் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒரு வரி வந்தது. அதை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாண்டினேன். "இடையில ஒண்டை விட்டிட்டீங்கள்" என்றார். "இல்லையே" என்றேன். "விட்டிட்டீங்கள். அதையும் வாசியுங்கோ" என்றார். வாசித்தேன். என் வாயால் அந்த வார்த்தையை இரண்டாம் தரம் அவருக்கு முன்னால் சொல்லவேண்டியிருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். கடைசிவரை கேட்டார். கேட்டு முடிந்ததும், "எனக்குச் சொல்லவேண்டியதை அவனுக்கு எழுதியிருக்கிறீங்கள்" என்றார்.

கொப்பியை மூடி வைத்துவிட்டுச் சொன்னேன். "நான் சொன்னது பிழை. நீர் சொன்னதுதான் சரி. என்னை மன்னிச்சுக்கொள்ளும்" என்று மூன்று வசனம்தான், தம்பி. ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.  அம்மா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "முப்பத்தேழு வருசம்" என்றார். நான் பார்த்திருக்க அவர் அழுதது இதுதான் முதல் தரம்.

தர்சிகாவுக்கு நீ அதைச் சொல்லி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. இதை மடித்து வைத்துவிட்டு எழும்பி அவளிடம் போ.

அப்பா